தலைவரைத் தெரிந்தெடுக்கும் உரிமை

ஒரு சமூகத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அதன் தலைவர்களின் வாழ்க்கையையே முதலில் ஆராய்வர். அத்தலைவர்களைத் தெரிந்தெடுத்தவர் யாவர், எம்முறையில் தெரிந்தெடுத்தனர் என்னும் வினா பின்னுக்குத் தள்ளப்பட்டுவிடும். இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களைப் பொறுத்தவரையில் இந்த இரண்டாவது வினாவே முதன்மையானது. தங்களுக்குத் தலைவர் இன்னார் என்று தாமே சொல்லும் உரிமை, அம்மக்களுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் கிட்டவில்லை. கிட்டிய சில ஆண்டுகளிலேயே அதனை நாடு திரும்ப எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட பின்னரும் ஓரிடத்தில் மட்டும் அவர்கள் அதனைக் கைவிடாது காத்து வந்தனர். அவ்விடம் யாது, அங்கே அவர்கள் காத்தது எத்தகையது என்பதை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

தலைவரைத் தேரும் முறை தமிழருக்குப் புதியதன்று என்பதற்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைச் சான்று காட்டுவது வழக்கம். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழியே தெரிந்தெடுத்த விதத்தை விரிவாகக் கூறுகின்றன. பெருமைக்குரிய செய்தியே. ஆயினும் அவற்றை முழுமையாகப் படிப்போர் மற்றொன்றையும் காண்பர். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் உடையவனாய், சொந்த மனையில் வீடு கட்டியிருப்பவனாய், மறை கற்றவனாய் இருப்பவன் பெயரே ஓலையில் எழுதப்பட்டது. அந்நிலத்தை உழுது நாற்று நட்டவர் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் கடனாலும் உந்தப்பட்டுக் கடல் கடந்து இலங்கை வந்தவருள் மிகப் பலர், நிலமின்றி நிலத்தில் உழைத்த அத்தகைய குடிகளே ஆவர். ஆகவே, குடவோலையின் பெருமையை அவர்கள் தம்முடன் கொண்டுவரவில்லை. தலைவரைத் தேரும் பழக்கத்தை அவர்கள் புதிதாகவே கற்க வேண்டியிருந்தது.

அவர்கள் வந்து சேர்ந்த இடங்களுள் ஊவா மாகாணமும் ஒன்று. பண்டாரவளையிலிருந்து கொஸ்லாந்தையை நோக்கிச் செல்லும் மலைப்பாதையில் பூனாகலை அமைந்துள்ளது. ஒருபுறம் வானளாவும் குன்றுகள். மறுபுறம் தென்றிசைச் சமவெளியை நோக்கிச் சரியும் பள்ளத்தாக்கு. இடையே படிப்படியாய்த் தேயிலை. முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் இம்மலைகளை நிறைத்தன. பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924ஆம் ஆண்டிலேயே. அதற்கு முன்னர் வந்தவர்களுட் பலர், மலைப்பாதைகளிற் கால்நடையாகவே வந்து லயங்களிற் குடியேறினர்.

அவர்களுக்கு அங்கே தலைவராயிருந்தவர் கங்காணி. ஊரிலே ஆள் திரட்டியவர் அவர். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவர் அவர். தோட்டத்திற் காலைப் பெரட்டிலே நின்று ஆளை எண்ணிக் காட்டியவரும் அவரே. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. தொழிலாளியின் கடன் அவரிடமே இருந்தது; கடைப் பற்றும் பெரும்பாலும் அவர் வழியாகவே நடந்தது. கலியாணம், இழவு, கோயில் திருவிழா ஆகிய எல்லாவற்றிலும் முதல் மரியாதை அவருக்கே. கங்காணிகளுள் இரக்கமுடையோரும் இருந்தனர், இரக்கமற்றோரும் இருந்தனர். எவ்வகையினராயினும் அவரைத் தொழிலாளர் தெரிந்தெடுக்கவில்லை; மாற்றவும் அவர்களால் இயலாது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பியவனுக்குத் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவனை விடுவிப்போம் என்று எழுதிய சிறு காகிதமே துண்டு எனப்பட்டது. 1921ஆம் ஆண்டுச் சட்டமே அம்முறைக்கு முடிவு கட்டியது.

கங்காணிக்கு மேலே கணக்கப்பிள்ளை. அவருக்கு மேலே துரை. இந்த ஏணியின் ஒவ்வொரு படியும் மேலிருந்து இறக்கப்பட்டதேயன்றிக் கீழிருந்து கட்டப்பட்டதன்று. கீழிருந்து ஒரு படியைக் கட்டலாம் என்று தோட்டங்களிலே உரக்கச் சொன்னவருள் முதன்மையானவர் கோ. நடேச ஐயர். தஞ்சைத் தரணியிலிருந்து வந்த பத்திரிகையாளரான அவர், 1931ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளருக்கென அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளரின் துயரைப் பாட்டாகப் பாடிக் கூட்டங்களைத் திரட்டினார். 1935ஆம் ஆண்டில் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. சங்கம் அமைப்பதற்குச் சட்டத்தின் நிழல் கிடைத்தது.

அதே 1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியல் திட்டத்தின்படி இலங்கையில் சர்வஜன வாக்குரிமை வந்தது. ஆசியாவிலேயே அதற்கு முன்னோடி இலங்கை என்று கூறுவர். ஆயினும் இந்திய வம்சாவளித் தொழிலாளர் நிரந்தர வாசத்தை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அந்நிபந்தனையையும் கடந்து ஏறத்தாழ 100,000 பேர் முதற் பட்டியலில் இடம் பெற்றனர். 1939ஆம் ஆண்டளவில் அத்தொகை 225,000 ஆயிற்று. அட்டன் தொகுதி 1931இல் பெரி. சுந்தரத்தைப் போட்டியின்றி அரசாங்க சபைக்கு அனுப்பியது. அவர் தொழில் அமைச்சருமானார். 1936இல் அதே தொகுதி நடேச ஐயரை அனுப்பியது. பெரட்டிலே எண்ணப்பட்டவர்கள் முதன்முறையாக வாக்குச்சாவடியிலும் எண்ணப்பட்டனர்.

1939ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜவாஹர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். சிதறிக் கிடந்த இந்தியர் சங்கங்களை ஒன்றாக்குமாறு அவர் தூண்டியதன் பயனாக இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. அடுத்த ஆண்டில் அதன் தொழிற்சங்கம் அமைந்தது. அந்த 1940ஆம் ஆண்டே மலைநாடெங்கும் வேலைநிறுத்தங்கள் பரவிய ஆண்டு. ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திலே கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். மே மாதமளவில் அந்த அலை ஊவாவையும் அடைந்தது.

பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்திலே அப்போது நிகழ்ந்தது தனித்து நோக்கத்தக்கது. லங்கா சமசமாஜக் கட்சியின் சங்கத்திற் சேர்ந்திருந்த தொழிலாளர், தமக்குள்ளே ஒரு தொழிலாளர் சபையைத் தெரிந்தெடுத்தனர். தோட்டத் துரை அச்சபையைக் கலந்தே நடந்துகொள்வதாக ஒப்புக்கொண்டார். ஒழுங்கை நிலைநாட்டவென்று வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்துக்கொண்டனர் என்று சமசமாஜ இயக்கத்தின் வரலாறு கூறும். அந்த எழுச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. அரசாங்கம் அதனை அடக்கிவிட்டது. ஜூன் மாதத்தில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். த சில்வா முதலிய தலைவர்கள் சிறை புகுந்தனர். ஆயினும் ஊவாவின் ஒரு தோட்டத்திலே, சில வாரங்களுக்கேனும், கங்காணியின் இடத்தில் கூலியாட்கள் தாமே தெரிந்தெடுத்த சபை இருந்தது. அதனோடு துரை பேசினார். அச்செய்தி மலைக்கு மலை பரவாதிருக்குமா?

காங்கிரஸிலும் தலைமையை யார் ஏற்பது என்ற கேள்வி வெகுவிரைவில் எழுந்தது. அதன் இணைச் செயலாளராய் ஆரம்ப முதலே உழைத்தவர் ஏ. அஸீஸ். கொழும்பு நகரத்துப் பழக்கமும் இடதுசாரி நோக்கும் உடையவர். மற்றவர் சௌ. தொண்டமான். கங்காணியாயிருந்து தோட்டமொன்றுக்கே உரிமையாளரான ஒருவரின் புதல்வர். தொழிலாளரின் தலைவராகத் தோட்ட உரிமையாளரின் மகனா என்று வியந்தவர் அன்றும் இருந்தனர். அவ்வியப்பையும் மீறி 1945ஆம் ஆண்டில் தொண்டமான் காங்கிரஸின் தலைவராகத் தெரிவானார். இவ்விருவரின் ஒற்றுமையும் வேற்றுமையும் பின்வந்த முப்பது ஆண்டு மலையக அரசியலை வகுத்தன எனலாம்.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் காங்கிரஸ் ஏழு இடங்களைக் கைப்பற்றியது. தொண்டமான், கே. இராஜலிங்கம், சி. வி. வேலுப்பிள்ளை, ஜி. ஆர். மோத்தா, கே. குமாரவேலு, டி. இராமானுஜம் ஆகியோருடன் ஊவாவின் பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையாவும் பாராளுமன்றம் புகுந்தார். பதுளை இரு அங்கத்தவர் தொகுதி; மற்றைய இடத்தைச் சமசமாஜக் கட்சியின் ஜே. சீ. ரி. கொத்தலாவல பெற்றார். ஒரே தொகுதியிலே தோட்டத் தமிழர் ஒருவரும் சிங்கள இடதுசாரி ஒருவரும் அருகருகே வென்றமை, அந்நாளைய அரசினருக்கு மகிழ்ச்சி தரும் காட்சியாயிருந்திருக்க முடியாது. சமசமாஜக் கட்சி பத்து இடங்களையும், பிரிந்து நின்ற போல்ஷெவிக் லெனினிஸ்ட் கட்சி ஐந்தையும், கம்யூனிஸ்ட் கட்சி மூன்றையும் பெற்றிருந்தன. தோட்டங்களின் வாக்கு இடது பக்கமே சாய்கிறது என்பது யாவருக்கும் விளங்கிற்று.

விளைவு விரைந்து வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம், அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாய் நிறைவேறின. முதலாவது, பரம்பரையை நிரூபிக்க இயலாதவரின் பிரஜாவுரிமையை மறுத்தது. இரண்டாவது, விண்ணப்பம் என்னும் ஒடுக்கமான வாயிலைத் திறந்தது. மூன்றாவது, பிரஜையல்லாதவர் வாக்களிக்க முடியாது என்றது. 1946ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி ஏறத்தாழ 780,000 பேராயிருந்த ஒரு சமூகம், 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே ஒரு பிரதிநிதியையும் அனுப்ப இயலாத நிலையை அடைந்தது. காங்கிரஸ் அவ்வாண்டு ஏப்ரலில் பிரதமர் காரியாலயத்தின் முன்னே சத்தியாக்கிரகம் தொடங்கி மாதக்கணக்கில் நடத்தியது. கதவு திறக்கவில்லை.

இந்நிலையை அதே காலத்திலே கடலுக்கு அப்பால் மற்றொரு நாட்டில் நிகழ்ந்ததோடு ஒப்பிட்டு நோக்குவது பயன் தரும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலும் இந்தியத் தொழிலாளர் இருந்தனர். பெரும்பாலோர் பஞ்சாபியர், மரவாலைகளில் உழைத்தவர்கள். 1907ஆம் ஆண்டில் அம்மாகாணம் அவர்களின் வாக்குரிமையைப் பறித்தது. நாற்பது ஆண்டுகள் அவர்கள் வாக்கற்றவர்களாய் வாழ்ந்தனர். அவர்களுக்கும் சீன, யப்பானிய மக்களுக்கும் வாக்களிக்க வேண்டுமென்று கூறி, அதற்காகவே தேர்தற் பிரசாரங்களில் ஏளனத்துக்கும் எதிர்ப்புக்கும் ஆளான கட்சி ஒன்று இருந்தது. 1932ஆம் ஆண்டில் கல்கரி நகரிலே உழவரும் தொழிலாளரும் சேர்ந்து அமைத்த கூட்டுறவுப் பொதுநலச் சம்மேளனமே அது. அதன் முதல் தலைவர் ஜே. எஸ். வுட்ஸ்வர்த். 1947ஆம் ஆண்டில் இந்தியருக்கு வாக்குரிமை மீண்டது. ஆண்டுகளைக் கவனிக்குக: 1947இல் கனடாவிலே இந்தியத் தொழிலாளர் வாக்குச்சாவடிக்குள் புகுந்தனர், 1948இலும் 1949இலும் இலங்கையிலே இந்திய வம்சாவளித் தொழிலாளர் அதிலிருந்து வெளியேற்றப்பட்டனர்.

அக்கனடியக் கட்சி 1961ஆம் ஆண்டில் நாட்டின் தொழிற்சங்கக் காங்கிரஸோடு இணைந்து புதிய ஜனநாயகக் கட்சி என்னும் பெயர் பூண்டது. ஒட்டாவா நகரில் நடந்த தொடக்க மகாநாட்டிலே தலைமைக்கு இருவர் போட்டியிட்டனர். சஸ்கச்சுவான் மாகாண முதல்வராயிருந்த டொமி டக்ளஸ் 1,391 வாக்குகளும், ஹேசன் ஆர்கியூ 380 வாக்குகளும் பெற்றனர். தோற்ற ஆர்கியூ சில மாதங்களிலேயே வேறு கட்சிக்குச் சென்றார். கட்சி உடையவில்லை. 1971இல் டேவிட் லூயிஸுக்கும் கட்சிக்குள்ளிருந்த தீவிர இடதுசாரி அணியின் ஜேம்ஸ் லக்சருக்கும் போட்டி நான்கு சுற்று வரை நீண்டது. 1,046க்கு 612 என்ற கணக்கில் லூயிஸ் வென்றார். பின்னர் 2003ஆம் ஆண்டில் மகாநாட்டுப் பிரதிநிதிகளோடு நில்லாது, அங்கத்தவர் ஒவ்வொருவரும் தலைமைக்கு வாக்களிக்கும் முறை வந்தது. 2016இல் எட்மன்டன் மகாநாடு, பதவியிலிருந்த தலைவர் தோமஸ் மல்கேரைப் பற்றி வாக்கெடுத்தது. புதிய தேர்தல் வேண்டும் என 52 வீதத்தினர் கூறினர். ஒரு தலைவரை ஏற்றுவதற்கு மட்டுமன்றி இறக்குவதற்கும் அங்கே வாக்கு இருந்தது. 2017 ஒக்டோபரிலே ஜக்மீத் சிங் முதற் சுற்றிலேயே 53.8 வீத வாக்குகளால் தலைவரானார். 1907இல் எவரிடமிருந்து வாக்குப் பறிக்கப்பட்டதோ, அந்தப் பஞ்சாபிய சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் தேசியக் கட்சியொன்றின் தலைவரானார். வாக்குரிமை மீண்டு எழுபது ஆண்டுகளில் அது நிகழ்ந்தது.

கனடாவிலே நிகழ்ந்ததை இங்கே எடுத்துரைப்பது அந்நாட்டைப் புகழ்வதற்காக அன்று. வாக்கிழந்த ஒரு மக்கள் கூட்டம் அவ்வாக்கை மீளப் பெறும் வரையில், தலைவரைத் தேரும் பழக்கத்தை எங்கே காத்து வைத்திருந்தது என்னும் கேள்வியை அது எழுப்புகின்றது. மலையகத்தைப் பொறுத்தவரையில் அக்கேள்விக்கு விடை, தோட்டக் கமிட்டி.

தொழிற்சங்கச் சட்டம் ஒரு தொழிலாளியை நோக்கி, நீ இந்நாட்டுப் பிரஜையா என்று கேட்கவில்லை. சந்தா செலுத்தியவர் எவரும் அங்கத்தவர். அங்கத்தவர் எவருக்கும் கை உயர்த்தும் உரிமை உண்டு. ஆகவே பாராளுமன்றத் தேர்தல் நாளிலே லயத்தில் முடங்கிக் கிடந்த அதே மனிதர், சங்கத் தேர்தல் நாளிலே எழுந்து நின்றனர். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு அத்தகைய கூட்டத்துக்கு ஏற்ற நாள். கோயில் முற்றமோ, பிள்ளை மடுவமோ, பெரட்டுக்களத்தின் ஓரத்து மரநிழலோ கூட்டம் கூடுமிடமாகும். தலைவர், காரியதரிசி, பொருளாளர் எனப் பெயர்கள் முன்மொழியப்படும்; வழிமொழியப்படும்; கைகள் எண்ணப்படும். ஊவாவிலும் ஏனைய மலைகளிலும் எண்ணற்ற தோட்டங்கள் இக்காட்சியைக் கண்டன. பூனாகலை போன்ற தொலைவிடங்களில், நகரத்திலிருந்து சங்கப் பிரதிநிதி வந்து சேரும் வரையில் தொழிலாளருக்குத் துணையாய் நின்றவர் அவ்வாறு தெரிவான தோட்டத் தலைவரே.

அவருடைய கடமைகள் சிறியன போலத் தோன்றும். கொழுந்தின் நிறையிலே குறை கண்டால் அவர் முறையிடுவார். நாள் முழுதும் உழைத்தவருக்கு அரைப்பேர் போட்டால் தட்டிக் கேட்பார். ஒழுகும் கூரையைத் துரையிடம் எடுத்துச் சொல்வார். பிறப்பு, இறப்புப் பத்திரங்களுக்காகப் பதிவாளரிடம் நடப்பார். ஆயின் 1949ஆம் ஆண்டுக்குப் பின்னர் இக்கடைசிக் கடமை சிறியதாயிருக்கவில்லை. பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு இத்தனை ஆண்டு இடைவிடாது வாழ்ந்தமைக்குச் சான்று வேண்டும். அச்சான்றோ தோட்டத்துச் செக்ரோலிலும் பள்ளிப் பதிவிலும் பழைய கடதாசிகளிலும் சிதறிக் கிடந்தது. அதனைத் தேடிச் சேர்ப்பதற்கு எழுத்தறிவும் துணிவும் உடைய ஒருவர் வேண்டியிருந்தது.

இங்கேதான் தலைமையின் தவறு மக்களை எவ்வளவு வருத்தும் என்பதும் வெளிப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பதில்லை என்று காங்கிரஸ் முதலிலே முடிவு செய்திருந்தது. சட்டம் அநீதியானது, அதனை ஏற்பது அநீதியை ஏற்பதாகும் என்பது வாதம். 1951ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தோடு முடியும் இரண்டாண்டுத் தவணை ஓடிக்கொண்டிருந்தபோதே அம்முடிவு மாற்றப்பட்டது. எஞ்சிய சொற்ப காலத்திலே விண்ணப்பங்கள் மலைபோற் குவிந்தன. எட்டு இலட்சம் பேரளவிலே உரிமை கோரப்பட்டது; இறுதியிற் கிடைத்ததோ ஏறத்தாழ 134,000 பேருக்கே. பலவும் சான்று போதாமையால் தள்ளப்பட்டவை. தொடக்கத்திலேயே விண்ணப்பித்திருந்தால் முடிவு வேறாயிருக்குமா என்பது வாதத்துக்குரியது. கொழும்பிலே எடுத்த ஒரு தீர்மானத்தின் பாரத்தைப் பூனாகலையிலே கடதாசி தேடி அலைந்தவர் சுமந்தார் என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

அடுத்த சோதனை தலைமைக்குள்ளேயே எழுந்தது. தொழிற்சங்கப் பிரிவு 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற பெயரைப் பெற்றிருந்தது. தொண்டமானுக்கும் அஸீஸுக்கும் இடையே முன்பே இருந்த வேறுபாடுகள் முற்றின. எந்த உலகத் தொழிற்சங்கச் சம்மேளனத்தோடு சேர்வது, இடதுசாரிகளோடு எவ்வளவு நெருங்குவது, ஸ்தாபனம் யார் சொற்படி நடப்பது என்பவை யாவும் ஒன்றாகக் கலந்தன. 1956ஆம் ஆண்டிலே அஸீஸின் தலைமையில் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் தனியே தோன்றியது. ஒட்டாவாவிலே தோற்றவர் மட்டும் வெளியேறினார். மலையகத்திலோ ஸ்தாபனமே இரண்டாயிற்று. சமசமாஜரின் லங்கா எஸ்டேட் தொழிலாளர் சங்கமும், கம்யூனிஸ்டுகளின் சங்கமும் முன்பே இருந்தன. ஒரு தோட்டத்திலே ஒரு தலைவர் என்ற நிலை மாறி, ஒரே தோட்டத்துக்கு மூன்று நான்கு தலைவர்கள் என்ற நிலை வந்தது. தொழிலாளிக்குத் தெரிவு பெருகியது உண்மை. துரையின் முன்னே பேசும் குரல் மெலிந்ததும் உண்மை.

மக்களின் வாக்கு இல்லாத இடத்திலே மக்களைப் பற்றிய முடிவுகள் எவ்வளவு எளிதாய் எடுக்கப்படும் என்பதற்கு 1964ஆம் ஆண்டு சான்று. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து முழங்கிய சமசமாஜக் கட்சி, அவ்வாண்டு ஜூனில் கூட்டரசாங்கத்திற் சேர்ந்தது. ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர்ப் பார்ப்போம் என்று பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் வாக்குக் கேட்கவில்லை. ஒரே லயத்திலே அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் உரியவராயினர். அடுத்த ஆண்டுகளில் பதுளைப் புகையிரத நிலையமும் பண்டாரவளை நிலையமும் கண்ட பிரிவுகளை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். கப்பலேறியவர்களுட் பலர் சங்கத் தலைவர்களாகவும் இருந்தனர். அவர்கள் சென்ற பின்னர், மீந்தவர் மறுபடியும் கூடி மற்றொருவரைத் தெரிந்தெடுத்தனர்.

பாராளுமன்ற வாக்கு மெல்லத் திரும்பியது. 1977ஆம் ஆண்டிலே நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் வென்றார். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் கிடைத்த முதல் வெற்றி அது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றோர் என்ற பட்டியலை முடித்துவைத்தன. வாக்கு மீண்டபோது அதனை எவ்வாறு பயன்படுத்துவது என்று அம்மக்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. முன்மொழிதல், வழிமொழிதல், எண்ணுதல், தோற்றவர் வென்றவரோடு அடுத்த நாள் ஒரே மலையிலே வேலை செய்தல் ஆகிய பழக்கங்கள் தோட்டக் கமிட்டியிலே காக்கப்பட்டிருந்தன.

ஆயினும் வரலாறு எழுதுவோர் குறைகளையும் மறைத்தல் ஆகாது. கொழுந்து பறிக்கும் தொழிலில் பெரும்பான்மையோர் பெண்கள். கமிட்டித் தலைவராய் அமர்ந்தவரோ பெரும்பாலும் ஆண்கள். மாதர் சங்கம் எனத் தனியே ஒரு பிரிவும் அதற்கொரு தலைவியும் இருந்தனரேயொழிய, துரையோடு பேசும் மேசைக்கு அவள் அழைக்கப்படுவது அரிது. பல இடங்களில் பழைய கங்காணிக் குடும்பத்தின் செல்வாக்கும் சாதிப் பிரிவும் கை உயர்வதற்கு முன்னரே முடிவைத் தீர்மானித்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டத்து அடிப்படியிலே நடந்த தெரிவு, ஸ்தாபனத்தின் உச்சிப் படிக்கு ஏறவில்லை. தொண்டமான் 1999ஆம் ஆண்டு ஒக்டோபரில் மறைந்தபோது தலைமை அவருடைய பேரர் ஆறுமுகனிடம் சென்றது. ஆறுமுகன் 2020 மேயிலே மறைந்தபின் அது மீண்டும் அக்குடும்பத்துக்குள்ளேயே நின்றது. அவர்கள் ஆற்றிய சேவை வேறு விடயம். அடித்தளத்திலே கை எண்ணிய ஸ்தாபனம், உச்சியிலே ஏன் கை எண்ணவில்லை என்ற கேள்வி மட்டும் எஞ்சி நிற்கின்றது.

ஏனைய இடதுசாரிக் கட்சிகளும் இக்கேள்விக்கு விலக்கல்ல. மக்கள் விடுதலை முன்னணி தன் தொடக்க கால வகுப்புகளில், ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ என்னும் பாடத்திலே தோட்டத் தமிழரை ஐயத்தோடு நோக்கிய கட்சி. 2014ஆம் ஆண்டு பெப்ரவரியிலே அதன் தேசிய மகாநாடு அநுர குமார திசாநாயக்கவைத் தலைவராக்கியது. பத்தாண்டுகளின் பின்னர், 2024ஆம் ஆண்டிலே, அவர் ஜனாதிபதியானார். அவ்வாண்டுப் பொதுத்தேர்தலிலே அவருடைய தேசிய மக்கள் சக்தியின் சார்பில் பதுளை மாவட்டத்திலிருந்து கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் தெரிவாயினர். நுவரெலியாவில் வென்ற கிருஷ்ணன் கலைச்செல்வியோடு சேர்த்து, மலையகத் தமிழ்ப் பெண்கள் வாக்கால் வென்று பாராளுமன்றம் புகுந்தது அதுவே முதன்முறை. மாதர் சங்கத் தலைவிக்கு மறுக்கப்பட்ட மேசை ஒருவாறு நீட்டப்பட்டது எனலாம். 1947இல் சுப்பையாவை அனுப்பிய பதுளை, எழுபத்தேழு ஆண்டுகளின் பின்னர் ஒரு பெண்ணை அனுப்பியது.

கனடாவின் புதிய ஜனநாயகக் கட்சியோ 2025 ஏப்ரல் தேர்தலிலே ஏழு இடங்களுக்குச் சுருங்கியது. ஜக்மீத் சிங் தம் தொகுதியையும் இழந்து பதவி விலகினார். ஏழு இடம் என்பது 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பெற்ற அதே தொகை. ஆயினும் தோல்வியுற்ற அக்கட்சியின் அங்கத்தவரிடம் ஒன்று எஞ்சியிருந்தது. அடுத்த தலைவர் யார் என்று தீர்மானிக்கும் பொறுப்பு மறுபடியும் அவர்கள் கைக்கே வந்தது. இடங்கள் குறையலாம், கூடலாம். அக்கை இருக்கும் வரையில் கட்சி எழுந்து நிற்க வழியுண்டு.

மலையக மக்களின் வரலாறு இதனையே வேறொரு வழியிற் காட்டுகின்றது. அவர்களுக்கு நாடு இல்லை என்று கூறப்பட்ட நாட்களிலும், பெரட்டுக்களத்தின் ஓரத்திலே ஒரு கூட்டம் கூடிற்று. இவரே எமக்குத் தலைவர் என்று கைகள் உயர்ந்தன. அவற்றை ஒருவர் நின்று எண்ணினார். அந்த எண்ணிக்கை எந்தத் தேர்தல் திணைக்களத்தின் ஏட்டிலும் பதிவாகவில்லை. சங்கத்தின் குறிப்புப் புத்தகத்திலே, பென்சிலால், ஒரு வரியாக எழுதப்பட்டது. பூனாகலையிலும் வேவெஸ்ஸவிலும் பசறையிலும் லுணுகலையிலும் அத்தகைய புத்தகங்கள் எங்கேனும் ஒரு லயத்தின் தகரப் பெட்டியிற் கிடக்கக்கூடும். கறையான் அரிப்பதற்கு முன்னர் அவற்றைத் தேடியெடுத்துக் காப்பது இளந்தலைமுறையினரின் கடன். அவர்களுடைய பாட்டனாரும் பாட்டியாரும் வாக்களித்த ஆவணம் அவற்றையன்றி வேறில்லை.